தற்காலிகக் குடியிருப்போர்

பார்ப்பதற்கு அது ஒரு நாய்க்கூண்டு மாதிரி இருக்கும். நாலு கால் வைத்த தகரப் பெட்டி, மேலே இரண்டு பக்கமும் சரிந்த தகரக் கூரை. கூரைக்கும் பெட்டிக்கும் நடுவே ஓர் இடைவெளி. அந்த இடைவெளி வழியாகக் காற்றை உள்ளே இழுத்து, காற்றோடு வரும் தூசியை ஒரு வெள்ளைத் தாளில் பிடித்து வைக்கும். தாளை மாட்டுவதற்கு முன்னால் ஒரு எடை, மூன்று நாள் ஓடிய பிறகு ஒரு எடை. இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை வைத்து, அங்கே இருக்கிறவர்களின் நெஞ்சுக்குள் எவ்வளவு தூசி போகிறது என்று சொல்லிவிடலாம். விஷயம் இவ்வளவுதான். ஒரு நிமிடத்தில் சொல்லி முடித்துவிட்டேன். அன்றைக்கு இந்த ஒரு நிமிடத்தை நான் ஒரு மனிதருக்குக் கொடுக்கவில்லை. அதைப் பற்றித்தான் இதை எழுதுகிறேன்.

அவர் ஒரு லேபர் கேம்ப்பின் வாட்ச்மேன். அபுதாபியிலிருந்து அல் ஐன் போகும் சாலையை விட்டு விலகி மண்பாதையில் இருபது நிமிடம் போனால் ஒரு கல் கிரஷர். அதிலிருந்து கூப்பிடு தூரத்தில் அந்தக் கேம்ப். மலையை உடைத்து ஜல்லியாக்கி ஊர் முழுக்கக் கட்டடங்களுக்கு அனுப்பும் கிரஷர் அது. நான் அப்போது ஓர் ஆலோசனைக் கம்பெனியில் இருந்தேன், இப்போதும் அங்கேதான் இருக்கிறேன். எங்கேயாவது புதிதாக ஒன்றைக் கட்டப் போகிறார்கள் அல்லது இருப்பதைப் பெரிதாக்கப் போகிறார்கள் என்றால், அதனால் அங்குள்ள காற்றும் தண்ணீரும் மண்ணும் மனிதரும் என்ன ஆவார்கள் என்று முன்கூட்டியே பார்த்து எழுதிக் கொடுப்பது எங்கள் தொழில். கிரஷர்காரர்கள் இன்னும் இரண்டு இயந்திரங்கள் போட அனுமதி கேட்டிருந்தார்கள். அந்த அறிக்கைக்குப் பொறுப்பு நான்.

முதல் நாள் நான் வண்டியை விட்டு இறங்கி டிரைவரிடம் தமிழில் ஏதோ சொன்னேன். கேட்டைத் திறந்துவிட்டு நின்ற வாட்ச்மேன் முகமெல்லாம் சிரிப்பாகிவிட்டார். "மேடம் திருச்சியா? பேச்சுலயே தெரிஞ்சுதுங்க. நாங்க பெரம்பலூருங்க" என்றார். அதற்கப்புறம் அவர் எனக்கு வாட்ச்மேன் அண்ணன். நாற்பத்தைந்து வயது இருக்கும். ஒல்லி, ஆனால் எலும்பெல்லாம் உரமான ஒல்லி. பதினான்கு வருடமாக அதே கேம்ப்பில், அதே அறையில் இருந்தார். முதல் பத்து வருடம் கிரஷரில் கல் கொட்டும் வாயருகே வேலை. இடுப்பில் அடிபட்ட பிறகு வாட்ச்மேனாக்கி விட்டார்கள். பேச்சுக்குப் பேச்சு இடையில் தொண்டையைச் செருமிக்கொள்வார். எனக்கு அது ஆரம்பத்தில் எரிச்சலாகக்கூட இருந்தது. சொல்வதற்கே கூச்சமாக இருக்கிறது, ஆனாலும் இருந்தது உண்மை.

நான் கேம்ப்பை இடம் மாற்றச் சொல்லத்தான் வந்திருக்கிறேன் என்று அங்கே ஒரு பேச்சு அடிபட்டுக்கொண்டிருந்தது. முழுப் பொய்யும் இல்லை. கேம்ப்புக்குப் பெரிய பாதிப்பு என்று அறிக்கையில் வந்துவிட்டால், கேம்ப்பை வேறு இடத்துக்கு மாற்றினால்தான் அனுமதி கிடைக்கும். வாட்ச்மேன் அண்ணனுக்கு அது தன்னைவிடத் தன் மச்சினனுக்காக வேண்டியிருந்தது. மனைவியின் தம்பி. இவர்தான் விசா ஏற்பாடு செய்து கூட்டி வந்தவர். இருபத்தாறு வயதுப் பையன், மாமன் விட்டுவந்த அதே கல் கொட்டும் வாயில் இப்போது நிற்கிறான், மாமனைவிடப் பலமாக இருமுகிறான். ஊரிலிருந்து மனைவி தினமும் போனில் தம்பியைப் பற்றித்தான் முதலில் கேட்பாளாம். "நான் கூட்டியாந்த பிள்ளைங்க மேடம்" என்று அவர் என்னிடம் சொன்னது ஒரே ஒரு தடவை. கேம்ப் மாறினால் தூங்குகிற நேரமாவது அவன் நல்ல காற்றில் இருப்பான் என்பது அவர் கணக்கு. பார்க்கலாம்ணே, எல்லாத்தையும் பார்த்துவிட்டுத்தான் எழுத வேண்டும் என்று பட்டும் படாமல் சொல்லி வைத்தேன்.

எங்கள் வேலையில் ஒரு படிவம் உண்டு. சுற்றுவட்டாரத்தில் இருக்கிற ஒவ்வொருவரிடமும் போய், இந்த இடத்தில் நீங்கள் எதை மதிக்கிறீர்கள், சமீபத்தில் என்ன மாற்றம் பார்த்தீர்கள் என்று கேட்டு எழுத வேண்டும். கிரஷருக்கு அந்தப் பக்கம் ஒரு பேரீச்சந்தோட்டம் இருந்தது. தோட்டத்துச் சொந்தக்காரர் நகரத்தில் இருப்பவர், வெள்ளிக்கிழமைகளில் மட்டும் குடும்பத்தோடு வந்து தங்குவார். அருமையான மனிதர். கஹ்வா என்கிற அரபுக் காப்பி ஊற்றிக் கொடுத்து, மாலை நேரத்தில் அந்தத் தோட்டத்தில் இருக்கும் அமைதியைப் பற்றி நிதானமாகச் சொன்னார். ஒன்றரைப் பக்கம் எழுதினேன். கொஞ்சம் தள்ளி ஒரு பாலைவன ரிசார்ட். அதன் மேலாளர் சூரியன் மறைகிற காட்சியைப் பற்றிச் சொன்னதில் ஒரு பக்கம் ஓடிற்று. தாழ்வான இடத்தில் ஒரு குட்டை. சுத்திகரித்த தண்ணீர் வந்து தேங்கியது. குளிர்காலத்தில் அங்கே பூநாரைகள் இறங்கும். பூநாரைகளிடம் படிவம் நீட்ட முடியாது, ஆனால் அவற்றுக்காகப் பேச ஆட்கள் இருந்தார்கள். அதற்கு மட்டும் நாலு பக்கம்.

கேம்ப்பில் நூற்றிருபது பேர். ஒரு வெள்ளிக்கிழமை மதியம் மெஸ்ஸில் மேசை போட்டு உட்கார்ந்தேன். தமிழ் ஆட்கள் ஒரு முப்பது பேர் வரிசையில் வந்தார்கள், பிறகு மற்றவர்கள். எல்லோரும் சொல்லி வைத்தாற்போல ஒரே பதில். எல்லாம் நல்லா இருக்கு மேடம், ஒரு பிரச்சினையும் இல்ல. படிவத்தில் கம்பெனி பெயரைப் பார்த்ததும் பாதிப் பேருக்கு இது விசா புதுப்பிப்பதற்கு முந்தின ஏதோ பரீட்சை என்று தோன்றிவிட்டது. கையெழுத்துப் போட வேண்டுமா என்று கேட்டவர்கள்தான் அதிகம். நீங்கள் இந்த இடத்தில் மதிப்பது எது என்று தமிழில் கேட்டால், நல்ல தமிழ்தான், எனக்கே கேட்க அபத்தமாக இருந்தது. ஒருவர் மெஸ் சுவரின் மூலையைக் காட்டி, அங்கே நின்றால்தான் வீட்டுக்கு வீடியோ கால் நிற்காமல் போகும் என்றார். இதை எந்தக் கட்டத்தில் எழுதுவது என்று தெரியாமல் விட்டுவிட்டேன். நூற்றிருபது பேருக்கும் சேர்த்து அரைப் பக்கம்.

வாட்ச்மேன் அண்ணன் கடைசியாக வந்தார். என்னண்ணே மாறியிருக்கு இங்க, என்று கேட்டேன். அவர் சொன்னார்: "துணி காயப்போடுற கொடிதாங்க மாறிக்கிட்டே இருக்கு."

அவர் வந்த புதிதில் கொடி கேம்ப்பின் மேற்கே, கிரஷர் பக்கம் இருந்ததாம். துணி வெள்ளையாகப் போட்டால் வெள்ளையாகக் காயும். அப்புறம் துவைத்த துணியை உதறினால் மாவு பறக்க ஆரம்பித்தது, கொடியைக் கிழக்கே மாற்றினார்கள். பிறகு மெஸ்ஸுக்குப் பின்னால், சுவர் மறைவில். அதற்கும் பிறகு வெளியில் எங்கே கட்டினாலும் சரிப்படவில்லை, இப்போது அறைக்குள்ளேயே கட்டிலுக்குக் கட்டில் கயிறு கட்டிக் காயப்போடுகிறார்கள், ஈர வாசத்தில் தூக்கம் வருவதில்லை. பதினான்கு வருடம் அந்த இடத்துக் காற்று எப்படி மாறிற்று என்பதை இதைவிடத் துல்லியமாக யாரும் எனக்குச் சொல்லிவிட முடியாது. நான் அதைப் படிவத்தில் ஏற்றவில்லை. வாய்ப்பேச்சு, அளவு இல்லை என்று நினைத்தேன். சூரியன் மறைகிற அழகுக்கு என்ன அளவு இருந்தது என்று அப்போது எனக்குத் தோன்றவே இல்லை.

அளவுக்குத்தான் அந்தத் தகரப் பெட்டி மிஷின் வந்தது. கேம்ப் முற்றத்தில் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் வைத்தோம். ஒரு மாதம் ஓட வேண்டும், மூன்று நாளுக்கு ஒரு தாள். நான் வாரம் ஒரு தடவைதான் வர முடியும், நடுவில் தாள் மாற்ற ஓர் ஆள் வேண்டும். வாட்ச்மேன் அண்ணனைவிட்டால் வேறு ஆள் இல்லை. கையுறை போட்டு, தாளின் ஓரத்தை மட்டும் பிடித்து, மடித்து உறையில் போட்டு, தேதியும் நேரமும் எழுத வேண்டும் என்று செய்து காட்டினேன். ஒரே தடவையில் பிடித்துக்கொண்டார். பத்தாவது வரை படித்தவர், எண்களை முத்து முத்தாக எழுதினார். இது என்ன மிஷின் என்று கேட்டார். காத்துப் பாக்கற மிஷின்ணே, என்றேன். தொழிலாளர்களிடம் எதையும் விளக்கிச் சொல்ல வேண்டாம், வீண் எதிர்பார்ப்பு கிளம்பும் என்று கிரஷர் ஆபீஸிலிருந்து ஏற்கெனவே சொல்லியிருந்தார்கள். அது ஒரு சாக்கு. வாட்ச்மேனுக்கு எதற்கு விளக்கம் என்ற என் திமிர்தான் நிஜக் காரணம். போகிற போக்கில் இன்னொன்றையும் சொன்னேன். ரொம்ப விலை கூடின மிஷின், பத்திரமாகப் பார்த்துக்கொள்ளுங்கள், இது கெட்டுப்போனால் என் வேலையும் சேர்ந்து போய்விடும் என்று சிரித்துக்கொண்டே சொன்னேன். அவர் சிரிக்கவில்லை.

முதல் தாள் பழுப்பேறிக் கனத்து வந்தது. எங்கள் லேபில் எடை போட்ட பையன் என்னை ஒரு தடவை நிமிர்ந்து பார்த்தான். இரண்டாவது தாளிலிருந்து எல்லாம் வெளுப்பு. எங்கள் ஆபீஸ் மொட்டை மாடியில் வைத்திருந்தால்கூட அதைவிட அழுக்காகியிருக்கும். காற்று திசை மாறியிருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். மிஷின் இழுக்கும் காற்றின் அளவும் குறைந்துதான் காட்டியது. கேம்ப் ஜெனரேட்டர் மின்சாரம் சரியில்லை போல என்று நினைத்தேன். எங்கள் மேனேஜருக்கு அந்த வெளுத்த தாள்கள் ரொம்பப் பிடித்திருந்தன. முதல் தாள் ஒன்றுதான் உதைக்கிறது, புதிதாகப் பொருத்தும்போது கிளம்பிய தூசியாக இருக்கும், அதை எடுத்துவிடலாம் என்றார். எடுத்துவிட்டோம்.

மாதம் முடிய ஒரு நாள் இருந்தபோது, மறுநாள் டிரைவருக்கு லீவு என்பதால், சொல்லாமல் கொள்ளாமல் போனேன். கேட் திறந்தே கிடந்தது. வாட்ச்மேன் அண்ணன் முற்றத்தில் நின்று ஒரு பெட்ஷீட்டைப் பிழிந்துகொண்டிருந்தார். பிழிந்து, உதறி, நாலு முனையையும் சரிபார்த்து, ஓடிக்கொண்டிருந்த மிஷின்மேல் கூரையோடு சேர்த்துப் போர்த்தினார். காய்ச்சல் பிள்ளைக்குப் போர்த்துகிற மாதிரி அவ்வளவு பதமாக. பக்கத்தில் ஒரு பக்கெட். அதில் ஊறிக்கொண்டிருந்தது, அதுவரை மிஷின்மேல் கிடந்த இன்னொரு பெட்ஷீட். தண்ணீர் சகதி நிறத்தில் இருந்தது.

அண்ணே, என்ன பண்றீங்க, என்று கேட்டேன். திரும்பிப் பார்த்து, வேலை பார்க்கும்போது மேலதிகாரி கண்ணில் பட்டுவிட்ட மனிதரின் சந்தோஷத்தோடு சொன்னார்.

"தூசி உள்ள போயிரக்கூடாதுல்லங்க மேடம். மொதத் தாள எடுக்கறப்பவே ஒரே அழுக்கு, நான் பதறிட்டேன். நீங்கதான சொன்னீங்க, மிஷினு போச்சுன்னா உங்க வேலையும் போச்சுன்னு. அன்னியிலேருந்து ஒரு நாளைக்கு ரெண்டு தடவ நனைச்சு நனைச்சு மாத்தறேன்."

இரண்டு பெட்ஷீட்டும் அவருடைய கட்டிலுடையவை. ஒரு மாதமாக வெறும் மெத்தையில் படுத்திருக்கிறார். நான் என்ன சொல்லியிருக்க வேண்டும்? அண்ணே, அந்த அழுக்குதான் உங்கள் சாட்சி, அதைத்தான் துடைத்துத் துடைத்து எறிந்திருக்கிறீர்கள் என்று சொல்லியிருக்க வேண்டும். தலையில் கைவைத்து உட்கார்ந்து, தப்பு என்னுடையது, நான்தான் சொல்லித் தரவில்லை என்று அழுதிருந்தாலும் பொருந்தியிருக்கும். நான் சொன்னது, "ரொம்ப நன்றிண்ணே." அவர் மனசு நோகக்கூடாது என்பதற்காக என்று வண்டியில் திரும்பும்போது நினைத்துக்கொண்டேன். அது பொய். எனக்கு அந்தப் பேச்சைப் பேசத் தைரியம் இல்லை, அவ்வளவுதான்.

மறுநாள் மேனேஜரிடம் போய், அளவெல்லாம் தவறு, ஒரு மாதம் மறுபடி எடுக்க வேண்டும் என்றேன். பாலக்காட்டுக்காரர், தமிழ் நன்றாகப் பேசுவார், கெட்ட மனிதர் கிடையாது. முழுவதையும் கேட்டார். பெட்ஷீட் இடத்தில் சிரித்தும்விட்டார். பிறகு கணினியைத் திருப்பி நான் தயாரித்திருந்த அட்டவணையையே எனக்குக் காட்டினார். அதில் ஒரு பக்கம் பாதிப்பு எவ்வளவு என்பது. இன்னொரு பக்கம் பாதிக்கப்படுவது எவ்வளவு முக்கியம் என்பது. இரண்டையும் பெருக்கித்தான் முடிவு வரும். பூநாரைக் குட்டை: மிக உயர்வு. பேரீச்சந்தோட்டம்: உயர்வு. ரிசார்ட்: உயர்வு. தொழிலாளர் கேம்ப்: குறைவு. "தூசி இருக்கறதுலயே பெரிய நம்பரா வந்தாலும், இந்தக் குறைவோட பெருக்கினா நடுத்தரம்கிட்டகூடப் போகாது. எதுக்காக்கும் மறுபடி ஒரு மாசம்?" என்றார்.

அவர் சொன்னது சரி. கணக்கு அப்படித்தான். மிஷின் என்ன சொன்னாலும் அதற்கு முன்பே விடை எழுதப்பட்டிருந்தது, எழுதியது நான். அந்தக் குறைவுக்கு எதிரே காரணம் என்ற கட்டத்தில் என் கையாலேயே தட்டியிருந்தேன்: தற்காலிகக் குடியிருப்போர், ஒப்பந்தம் முடிந்ததும் திரும்புவர். பழைய அறிக்கைகளில் அப்படித்தான் இருந்தது, பார்த்துப் போட்டேன். பூநாரை வருடத்தில் நாலு மாதம் இருந்துவிட்டுப் போகிறது, அதை யாரும் தற்காலிகம் என்று சொல்லவில்லை. எனக்குப் பூநாரைமேல் கோபமில்லை. குட்டையில் அது ஒற்றைக் காலில் நிற்பதைப் பார்க்க நானும் மகளைக் கூட்டிக்கொண்டு போயிருக்கிறேன். ஆனால் பதினான்கு வருடம் ஒரே கட்டிலில் படுத்த மனிதனைத் தற்காலிகம் என்று எழுத ஒரு மனசு வேண்டும், அது என்னிடம் இருந்தது. நானும் இந்த ஊருக்கு வந்து அப்போது பதினோரு வருடம்தான் ஆகியிருந்தது.

அந்த ஒரு சொல்லை மாற்றியிருக்கலாம். சட்டம் ஒன்றும் தடுக்கவில்லை, அது என் பொறுப்பில் இருந்த கட்டம். உயர்வு என்று போட்டு, மறுபடி அளந்திருந்தால், கேம்ப் நகர்ந்திருக்கும். கிரஷர்காரர்கள் வேறு கம்பெனியைத் தேடிப் போயிருப்பார்கள். அந்த வருடம் என் கணவருக்கு வேலை இல்லை, நாங்கள் மூன்று பேரும் என் விசாவில் இருந்தோம். காரணம் என்று சொல்ல இது இருக்கிறது. மேனேஜர் அறையிலிருந்து வெளியே வந்து, ஒரு டீ குடித்து, அறிக்கையை முடித்தேன்.

அதோடு போயிருந்தால்கூடப் பரவாயில்லை. பூநாரைக் குட்டைக்கு மிக உயர்வு என்று வந்ததால், புது இயந்திரங்களும் ஜல்லிக் குவியலும் அந்தப் பக்கம் வரக்கூடாது, எதிர்ப் பக்கம் தள்ளி வைக்க வேண்டும் என்று பரிந்துரை எழுத வேண்டியிருந்தது. எதிர்ப் பக்கத்தில் இருந்தது கேம்ப். வரைபடத்தில் அந்த அம்புக்குறியைப் போட்டதும் நான்தான். அனுமதி வந்தது. கூப்பிடு தூரத்தில் இருந்த கிரஷர் கைநீட்டும் தூரத்துக்கு வந்தது.

அதற்குப் பிறகு இரண்டு வருடம் வாட்ச்மேன் அண்ணன் குரலைக் கேட்கவில்லை. ஒரு நாள் ஏர்போர்ட்டிலிருந்து போன் செய்தார். "கேன்சல்ல போறேங்க மேடம்" என்றார். விசா புதுப்பிக்கப் போன இடத்தில் மெடிக்கலில் எக்ஸ்ரே சரியில்லை, அன்ஃபிட் என்று போட்டு ஊருக்கு அனுப்புகிறார்கள். நெஞ்சு முழுக்கத் தழும்பாக இருக்கிறதாம். தன்னைப் பற்றி அவ்வளவுதான் சொன்னார். மச்சினன் இன்னும் அங்கேதான் இருக்கிறான், கேம்ப் மாற்றும்போது அவனுக்கு ஒரு நல்ல அறையாகப் பார்த்துக் கொடுக்கச் சொல்லிச் சொல்லுங்கள் மேடம் என்றார். இரண்டு வருடம் கழித்தும் அவர் அதை நம்பிக்கொண்டிருந்தார். சரிண்ணே, உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்றேன்.

அடுத்த வருடம் பெரம்பலூரிலிருந்து இன்னொரு அழைப்பு. ஒரு வாக்கியத்தை முடிப்பதற்குள் இரண்டு இடத்தில் நின்று மூச்சு வாங்கினார். நலம் விசாரித்துவிட்டுத் தயங்கித் தயங்கிக் கேட்டார்.

"மேடம், என் பொண்ணு படிக்கிற காலேஜுல அதே மாதிரி மிஷினு ஒண்ணு வச்சிருக்காங்களாம். தூசிய அளக்கற மிஷினாமே. நான் போட்டோல காட்டுனேன், அதேதாம்ப்பாங்குது. அப்ப நான் துணியப் போட்டு மூடுனதாலதான் கேம்ப மாத்தலீங்களா?"

இல்லண்ணே, என்றேன். சட்டென்று வந்தது அந்தப் பதில், உண்மையும்கூட. அவர் விடவில்லை. "அப்ப எதனால மேடம்?"

அதற்கு ஒரே ஒரு பதில்தான் இருந்தது. நான் உங்களை ஒரு தாளில் குறைவு என்று எழுதினேன், அதனால். வாய் வரைக்கும் வந்தது. அண்ணே, லைன் சரியாக் கேக்கல, நான் அப்புறம் கூப்பிடறேன் என்று சொல்லி வைத்துவிட்டேன். கூப்பிடவில்லை. அவர் பிறகு இரண்டு தடவை அழைத்தார். ஒரு தடவை மீட்டிங்கில் இருந்தேன். இன்னொரு தடவை சும்மா வீட்டில் உட்கார்ந்து, மேசைமேல் அதிர்ந்துகொண்டிருந்த போனைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இந்தக் குளிர்காலத்தில் அதே கிரஷர்காரர்கள் இன்னும் ஒரு விரிவாக்கத்துக்கு அனுமதி கேட்டு எங்களிடம் வந்தார்கள். பழைய மேனேஜர் ஓய்வு பெற்று ஊருக்குப் போய்விட்டார், அந்த நாற்காலியில் இப்போது நான். வேறு யாரையாவது அனுப்பியிருக்கலாம், நானே போனேன். இந்த முறை அந்தக் கட்டத்தில் உயர்வு என்று எழுதுவது, வேலை போனாலும் போகட்டும் என்று தீர்மானித்துத்தான் போனேன். மூன்று வருடத்துக்கு முன்னால் வராத தைரியம் இப்போது வந்ததற்குப் பெரிய காரணம் ஒன்றும் இல்லை. கணவருக்கு நல்ல வேலை கிடைத்துவிட்டது, மகள் கல்லூரிக்குப் போய்விட்டாள்.

கேம்ப் அங்கேயேதான் இருந்தது. அறைகளின் ஜன்னல்களில் இடைவெளி இல்லாமல் டேப் ஒட்டியிருந்தார்கள். கேட்டில் இப்போது வேறு நாட்டு வாட்ச்மேன். டூட்டி மாறுகிற நேரம், பஸ்ஸுக்காக ஆட்கள் முற்றத்தில் டிபன் கேரியரோடு நின்றிருந்தார்கள். தண்ணீர்த் தொட்டிப் பக்கம் நின்ற ஒருவன் என்னையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டுக் கிட்டே வந்தான். இருபத்தொன்பது வயதுக்கு அந்த முகம் ரொம்ப முதிர்ந்திருந்தது. நீங்கதான அந்த மிஷின் மேடம், என்றான். மச்சினன்.

மாமா போன ஆடி மாதம் போய்விட்டதாகச் சொன்னான். இவனுக்கு லீவு கிடைக்கவில்லை, போனில்தான் பார்த்தானாம். அவனே சொன்னான், இருமலுக்கு நடுவில் துண்டு துண்டாக. அக்கா மகள் அந்த மிஷினைப் பற்றிச் சொன்ன நாளிலிருந்து மாமாவுக்கு அது ஒன்றே பேச்சாகிவிட்டதாம். தினம் இங்கே அறைக்குப் போன் போட்டு ஒவ்வொருவரிடமாக மன்னிப்புக் கேட்டாராம், நான் துணி போட்டு மூடித்தான் உங்களையெல்லாம் அங்கேயே கிடக்க வைத்துவிட்டேன் என்று. முதலில் யாருக்கும் புரியவில்லை. புரிந்தபிறகு அறையில் எல்லோருக்கும் கோபம். இவனுக்கும்தான்.

"கடைசி மூணு மாசம் நாங்க யாரும் அவரு போன எடுக்கல மேடம்" என்றான். "அக்கா அழுதுச்சு, அப்பவும் நான் எடுக்கல."

அந்த இடத்தில், முற்றத்தில் நின்றபடி, எல்லாவற்றையும் அவனிடம் சொன்னேன். மிஷின் எதற்கென்று அவரிடம் நான் சொல்லவே இல்லை என்பதை, தாள் கறுப்பாக வந்திருந்தாலும் முடிவு மாறியிருக்காது என்பதை, கேம்ப் குறைவு என்று எழுதிய கை என்னுடையது என்பதை, கிரஷரை இந்தப் பக்கம் தள்ளிய அம்புக்குறி நான் போட்டது என்பதை. உங்க மாமா மேல ஒரு தப்பும் இல்லப்பா, என்றும் சொன்னேன். அவன் கேட்டுக்கொண்டே, டிபன் கேரியரை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றிக்கொண்டான். திட்டுவான் என்று எதிர்பார்த்தேன். திட்டினால் நன்றாக இருக்கும் என்றுகூட இருந்தது.

"இத அவரு இருக்கறப்பவே சொல்லியிருக்கலாமே மேடம்" என்றான். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. பஸ் வந்து நின்றது, மற்றவர்களோடு ஏறிப் போய்விட்டான்.